பின்னால் இருந்த முப்பது நாற்காலிகள்

சென்ற ஆண்டு அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்து இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுகொண்டே இருந்த உறவினர்களிடமும் நண்பர்களிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் நாற்காலியும் ஷாமியானாவும் கொடுத்தவர் வீட்டு வாசலில் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. காரணம் கஞ்சத்தனம் அல்ல. எங்கள் தொழிலில் துக்கச் செய்தி எப்போதும் வெளியிலிருந்துதான் வரும். யாராவது வந்து சொல்வார்கள், நாங்கள் அனுப்புவோம். அன்றைக்கு வந்து சொல்ல ஆள் இல்லை. அப்பாவோடு முதல் நாளிலிருந்து வேலை பார்த்த ஏழுமலை அண்ணன் அனுப்பியிருப்பார் என்று நான் நினைத்தேன். "வீட்லேர்ந்து சொல்லட்டும்" என்று அவர் கோடவுன் வாசலில் வண்டியோடு காத்திருந்தார்.

விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கிய என் தங்கைதான், அப்பாவின் முகத்தைப் பார்த்து அழுது முடித்துவிட்டு, தெருவைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, எல்லாரும் நின்னுகினே இருக்காங்க. நாற்காலி எங்க?"

"ஏழுமலை அண்ணன் அனுப்புவாருன்னு..."

"போன இப்படிக் குடு."

பதினைந்து நிமிடத்தில் நூறு நாற்காலி வந்தது. தங்கை அன்று அதைச் செய்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். இருபது வருடமாக அவளுக்கும் அப்பாவுக்கும் சரியான பேச்சு இல்லை. அதற்கு முப்பது நாற்காலிகள்தான் காரணம் என்பதும் தெரியும். ஆனால் நீங்கள் அறிந்த அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழை நான். அதைத் திருத்தாமல் அப்பாவின் முதலாண்டு நினைவு மலரான இதை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும், பிறந்த ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அச்சகத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அப்படியே தொடங்குகிறேன்.

அப்பா பிறந்தது பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். குத்தகை நிலம், ஐந்து பிள்ளைகள், எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் நகரத்துக்கு வந்து மில்லில் சேர்ந்தார். அது ஓடிய நாட்களைவிட நின்ற நாட்கள் அதிகம் என்று அப்பா சொல்வார். ஒருமுறை அது நின்றபோது, தொழிலாளர்கள் கேட்டுக்கு வெளியே தினமும் கூடிப் பேசினார்கள். பேசியவர்கள் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள், கேட்டவர்கள் நின்றார்கள். நின்றவர்களில் ஒருவராக இருந்த அப்பாவுக்கு மில் திறக்காது என்பதும், மனிதர்கள் உட்காரத்தான் ஆசைப்படுகிறார்கள் என்பதும் ஒரே நாளில் புரிந்திருக்கிறது.

மூடிய டூரிங் டாக்கீஸ் ஒன்றிலிருந்து பன்னிரண்டு மடக்கு நாற்காலிகளை வாங்கினார். இரும்பு நாற்காலிகள். மடக்கும்போது விரலைக் கடிக்கும். அம்மாவின் வளையல் அதில் போயிற்று என்று அம்மா சொல்வார். ஒரு வளையல்தான் என்று அப்பா திருத்துவார். அம்மா எட்டு வருடத்துக்கு முன்பு காலமாகும்வரை இந்த வழக்கு முடியவில்லை.

சைக்கிளில் நாலு நாலாகக் கட்டிக்கொண்டு போனவர், பிறகு தள்ளுவண்டி வாங்கினார், பிறகு டெம்போ. நெல்லித்தோப்பில் கோடவுன் பிடித்தார். ஏழுமலை அண்ணன் உட்பட, மில்லில் வேலை போன கூட்டாளிகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டார். அவர்கள் கடைசிவரை கல்யாண வேலையைக்கூட 'பகல் ஷிப்ட்' என்றுதான் சொன்னார்கள். ஆறு பேரின் பிள்ளைகளும் படித்தார்கள். அரசுப் பள்ளி ஆண்டுவிழாக்களுக்கும் ரத்த தான முகாம்களுக்கும் அப்பா எப்போதும் இலவசமாக அனுப்பினார். அரசியல் கூட்டம் என்றால் மட்டும் பணத்தைப் பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

துக்க வீட்டுக்கு வாடகை கிடையாது. எந்த வீடாக இருந்தாலும், எந்தத் தெருவாக இருந்தாலும், ஆள் வந்து சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும். ஊர் அவரை வணங்கியது இதற்காகத்தான். எங்கள் வீட்டில் சண்டை வந்ததும் இதற்காகத்தான். கல்யாண வீட்டார் நாற்காலியைத் தடவிப் பார்த்து, "இது துக்க வீட்டுக்குப் போனதா?" என்று கேட்பார்கள். "கழுவினது" என்பார் அப்பா. வந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். துக்கத்துக்கு வெள்ளை, கல்யாணத்துக்குச் சிவப்பு என்று இரண்டு நிறத்தில் வாங்கலாம் என்று நான் வருடக்கணக்கில் மன்றாடினேன்.

"ஒரே மனுஷன்தானேடா ரெண்டு வீட்டுக்கும் போறான்? அவனுக்கு ரெண்டு கலர் அடிச்சா வச்சிருக்கோம்?"

நான் ஓரளவு படித்தவன். சிறு பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகளும் எழுதுகிறவன். இதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டே எனக்கு வயது ஐம்பது ஆகிவிட்டது. இந்த ஒரு வருடமாகத் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்க அப்பா மாதிரி மனுஷன் உண்டா?" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இல்லைதான். இருந்தால் தாங்காது என்று சொல்ல வாய் வரைக்கும் வரும்.

இனி அந்த வரவேற்பு. தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை. மண்டபத்தில் போட்டிருந்த நாற்காலி அனைத்தும் எங்களுடையவை. உபரியாக முப்பது நாற்காலிகளைச் சமையல்கட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தோம். நாற்காலி பொறுப்பு என்னுடையது. அந்த வாரம்தான் என் கட்டுரை ஒன்று முதன்முதலாக அச்சில் வந்திருந்தது. பட்டு வேட்டியும் புதுச் சட்டையுமாக நண்பர்கள் நாலு பேரை நிற்க வைத்து அதன் நயங்களை நானே விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது உப்பளம் பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய மாமனார், சொல்தா, மாலையில் இறந்துவிட்டார் என்றார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய வீடு. நினைத்திருந்தால் சந்தன மரத்தில் நாற்காலி செய்து போட்டிருக்கலாம். நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"பின்னாடி முப்பது அடுக்கி இருக்குல்ல, அத அனுப்பு" என்றார். மேடைப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டு, "உப்பளத்துல சாவு. முப்பது நாற்காலி அனுப்புங்க" என்றேன். 'பின்னாடி' என்பதைச் சொல்லவில்லை. என் கட்டுரையின் மூன்றாம் பத்தி காத்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. வண்டிக்கு எது பக்கமோ அதைத்தான் முதலில் எடுப்பார்கள். சுமை தூக்குகிறவன் முதுகு பிழைக்க அது ஒன்றே வழி. அன்றைக்கு டெம்போ மேடையை ஒட்டிய பக்கவாசலில் நின்றது. முன் இரண்டு வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் போட்டோ எடுக்க மேடைக்குப் போயிருந்தார்கள். இறங்கி வந்தபோது உட்கார்ந்திருந்த இடம் வெறும் தரை. மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் ஏதோ மனத்தாங்கலில் போட்டோவுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஏழுமலை அண்ணன் மிகுந்த பணிவோடு சொன்னது மண்டபத்துக்கே கேட்டது.

"ஐயா, கொஞ்சம் எழுந்திரிங்க. சாவு வூட்டுக்குப் போவணும்."

தாய்மாமன் எழுந்தார். நாற்காலி போயிற்று. அதன் பிறகு அவர் கத்தினார்.

"எவன்யா சொன்னது? கல்யாணத்துல ஒக்காந்தவன எழுப்பிவுட்டு எழவு வூட்டுக்கு நாற்காலி அனுப்பச் சொன்னது எவன்யா?"

அப்பா மேடையிலிருந்து இறங்கி வந்தார். ஏழுமலை அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார் அப்பா.

கல்யாணம் நடந்தது. ஆனால் அபசகுனம் என்ற சொல் தங்கையோடு விழுப்புரம் போயிற்று. "எம் மருமவ வூட்ல பாக்கு வெத்தலையோட பாடைக்கும் ஏற்பாடு பண்ணுவாங்க" என்று அவள் மாமியார் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். தங்கைக்கு முதல் கரு தங்காமல் போனபோது அதற்கும் அந்த முப்பது நாற்காலியையே காட்டினார்கள். அன்று தங்கை போன் செய்தாள். "ஏம்ப்பா அப்படிச் செஞ்சே?" என்று அவள் அழுதது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. "துக்க வீடும்மா" என்றார் அப்பா. அவ்வளவுதான். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது அதை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் தீபாவளிக்கு வந்தால் ஒரு மணி நேரம் இருப்பாள். அம்மாவின் காரியத்துக்கு வந்தவள், பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்த கையோடு பஸ் ஏறினாள். "பொண்ணுக்குத் திமிரு" என்று உறவில் பேசிக்கொண்டார்கள். அப்பா யாரையும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

கடைசி ஒரு மாதம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. அவர் மட்டும் ஓயாமல், வார்டில் பார்வையாளர்களுக்கு நாற்காலி போதாது என்று நர்ஸிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலை வேளையில் நான் துணிந்து ஆரம்பித்தேன்.

"அப்பா, பாப்பாகிட்ட அந்த நாற்காலி விஷயத்தச் சொல்லிடறேன்."

"இன்னான்னு?"

"நீ பின்னாடி இருந்ததத்தான் அனுப்பச் சொன்னே, நான்தான் ஒழுங்கா சொல்லலன்னு."

"சொல்லி?"

"அவளுக்குத் தெரியணும்ல."

"தெரிஞ்சா என்னோட பேசுவா. எத்தினி நாளைக்கு? நான் போறவன். எனக்கப்புறம் அவளுக்குப் பொறந்த வூடுன்னா நீதான். உன்னோடயும் பேச்சு இல்லன்னா அவ எங்கடா வருவா?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. எனக்கு வந்தது கண்ணீர் அல்ல, கோபம். இருபது வருடம் மகள் பேசாமல் போனதைத் தாங்கிக்கொள்ள இந்த மனிதர் இப்படி ஒரு நிர்வாகக் காரணம் வைத்திருந்திருக்கிறார். மேடை போடுவதைப் போல இதையும் யாரிடமும் கேட்காமல் தானே திட்டமிட்டிருக்கிறார். அதில் என்னை ஒரு தூணாக நட்டிருக்கிறார். தூணின் தரத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாளில் அப்பா போய்விட்டார். கருவடிக்குப்பம் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோதும் நான் தங்கையிடம் சொல்லவில்லை. அப்பாவின் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இந்தக் கட்டுரையை, மேலே நீங்கள் படித்தவரைக்கும், போன மாதம் எழுதித் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நேரில் சொல்லத் தைரியமில்லாதவர்களுக்காகத்தான் எழுத்து இருக்கிறது. மறுநாள் மதியம் கூப்பிட்டாள். அவள் பள்ளி ஆசிரியை. சாப்பாட்டு இடைவேளை.

"படிச்சேன்" என்றாள்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியும்ணா. அம்மா காரியத்தப்பவே ஏழுமலை அண்ணன் சொல்லிட்டாரு. அழுதுட்டாரு பாவம்."

"எட்டு வருஷமாத் தெரியுமா? அப்புறமும் ஏன் அப்பாகிட்ட..."

"தெரிஞ்சப்புறம்தான் கோவம் ஜாஸ்தியாச்சு. அத்தினி பேரு முன்னாடி உனக்காக 'நான்தான்'னு ஒரு வார்த்த சொல்ல முடிஞ்சுதுல்ல அவரால? எனக்காக ஒரு வார்த்த சொல்லலையேண்ணா. எம் மாமியாரு அத்தினி பேச்சுப் பேசினப்ப, ஒருவாட்டி வந்து, 'எம் பொண்ண ஏம்மா சொல்றே'ன்னு கேட்டிருக்கலாம்ல? ஒரு மணி நேர பஸ்ஸு. நீயும்தான் வரல."

ஊரில் எந்தத் துக்க வீட்டுக்கும் பத்து நிமிடத்தில் வண்டி அனுப்பியவர் அவர்.

"அப்ப இந்தக் கட்டுரைய எடுத்துடவா?" என்றேன்.

"எதுக்கு? போடு. நான் சொன்னதையும் சேத்துப் போடு. சொந்தக்காரங்க இருபது வருஷமா என்னத் திமிரு புடிச்சவன்னு பேசுறாங்க. ஒருவாட்டியாவது விஷயம் தெரிஞ்சு பேசட்டும்."

சேர்த்துவிட்டேன். இனி நீங்கள் விஷயம் தெரிந்து பேசலாம்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வருடக்கணக்கில் ஒரு பாரத்தைச் சுமந்து அதை இறக்கும் இடமறிந்து இறக்கிய ஏழுமலை அண்ணனுக்கும், மில்லிலிருந்து வந்த மற்ற ஐந்து குடும்பங்களுக்கும், நான் தலையிடாதபடி கடையை நல்ல முறையில் நடத்திவரும் என் மனைவிக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்க வீட்டுக்கு வாடகை இல்லை என்ற வழக்கம் தொடரும்.

முதலாண்டு நினைவு நாளுக்குத் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றாள். மாடி அறையை முழுக்க அடைத்திருந்த என் புத்தகங்களை நேற்றுக் காலை ஏழுமலை அண்ணன் வண்டியில் ஏற்றிக் கோடவுனுக்குக் கொண்டுபோனார். கட்டிலைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்.

"எப்பத் திருப்பிக் கொண்டாரணும் தம்பி?" என்று கேட்டார் அவர்.

"கொண்டார வேணாம்ணே" என்றேன்.