மகனுக்கு எடுத்த டெஸ்ட்

ஐந்து பெற்றவள் நான். பிள்ளை எப்படி உண்டாகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன்.

மகனுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். மருமகள் பள்ளிப்பட்டுப் பக்கம். நான்கு வருடமும் வைத்தியம் அவளுக்குத்தான் பார்த்தோம். ஸ்கேன், ஊசி, மாத்திரை, வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து உருண்டை. என் மகளின் வளைகாப்பில் அவளைச் சபைக்கு வரவிடாமல், சமையல்கட்டில் எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னேன். பிழிந்தாள். கடைசியில் அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போங்கள், என் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கப்போகிறோம் என்றேன்.

அந்த வாரம்தான் திருவள்ளூரில் ஒரு டாக்டரம்மா, புருஷனுக்கும் டெஸ்ட் எடுக்காமல் மேலே வைத்தியம் கிடையாது என்றுவிட்டார். மகன் முறைத்துக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு நாள் கழித்து மூவரும் போனோம்.

டாக்டரம்மா தாளில் படம் போட்டுச் சொன்னார். கருப்பைக்கு இரண்டு பக்கமும் முட்டைப்பை. மாதம் ஒரு முட்டை வெளிவந்து குழாயில் இறங்கும். ஒரு நாள்தான் அதற்கு ஆயுசு. அதற்குள் ஆணின் விந்தணு அந்தக் குழாய்க்கே வந்து சேர வேண்டும். சேர்ந்தால் கருவாகிக் கருப்பையில் போய் ஒட்டிக்கொள்ளும். கரு தங்காத மாதம், அதற்காகக் கருப்பை கட்டிவைத்த மெத்தை தீட்டாகப் போய்விடும். ஆணுக்கு அணு விதைப்பையில் ஊறித் தேற இரண்டரை மாதமாகும். உடம்புச் சூடுகூட ஆகாது என்றுதான் அந்தப் பை வெளியே தொங்குகிறதாம்.

என்ன வேலை என்று மகனைக் கேட்டார்.

"கும்மிடிப்பூண்டில இரும்பு உருக்குற கம்பெனி மேடம். பர்னஸ் முன்னாடி. பன்னெண்டு வருசமா."

மருமகளிடம் ஒரு குறையுமில்லை, இவருக்குத்தான் அணு ரொம்பக் குறைவு என்றார். சூடும் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு பிரிவுக்கு மாறிக்கொண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பஸ்ஸில் மகன் குனிந்து, "வெளில சொல்லிக்கினு இருக்காதம்மா. கம்பெனில தெரிஞ்சா ஓட்டியே சாவடிச்சுடுவானுங்கோ," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "எங்க பொண்ணால உங்க வம்சம் நின்னுச்சுன்னு இருக்க வேணாம்மா. மனசுல எதும் வெச்சுக்காதீங்க," என்றார். மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொற உங்க பொண்ணுகிட்ட இல்லீங்க. எம் புள்ளகிட்ட," என்றேன். அவ்வளவுதான் வந்தது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். மருமகள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பையோடு வந்தாள். இனி போக வேண்டாம் என்றேன்.

"நீங்க போவச் சொன்னப்போ மடிச்ச துணி அத்த. பிரிக்க மனசு வர்ல. மூணு மாசம் எங்க வூட்ல நைனாகூட இருக்கேன். அவரு மறுபடி டெஸ்ட் எடுக்கட்டும்."

மெல்லத்தான் சொன்னாள். பஸ் ஏறும்வரை கூடப் போனேன்.

மகன் இப்போது பேக்கிங் பிரிவில் இருக்கிறான். சோறு போட்டால் சாப்பிடுகிறான். என்னோடு பேச்சில்லை. மூன்று மாதத்தில் ஒன்று போயிருக்கிறது.