தறியில் முட்டிய வயிறு

எங்கட ஊர்ப் பக்கம் ஒரு ஆம்பிளை கலியாணத்துக்குப் பிறகு மெலிந்து போனால் அவரை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவருடைய பொண்சாதியின் உம்மாவைத்தான் சொல்லுவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துவிடுவார், அங்கேதான் இருப்பு. ஆகையால் அவருடைய உடம்பு மாமியாரின் பொறுப்பு. சதை போட்டால் "நல்ல வீட்டிலதான் கை நனைச்சிரிக்கான்" என்பார்கள். எலும்பு தெரிந்தால் அந்த வீட்டுக்காரர் தலை காட்டேலாது.

என்னுடைய அவர் பாலமுனை வயல்காரர் வீட்டுப் பிள்ளை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் என்னைக் கலியாணம் முடித்து மருதமுனைக்கு வந்தபோது, மாப்பிள்ளைச் சட்டை அவர் தோளில் கொடியில் காயப் போட்டது மாதிரித் தொங்கியது. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று ஒருதரம் எட்டிப் பார்த்தா.

"பொறு மகள், எனக்கு ஒரு வருசம் தா" என்றா.

ஒரு வருசம் தேவைப்படவில்லை. விடிய எழும்பினால் முட்டைக்கோப்பி. பிறகு தேங்காய்ப்பால் ஊற்றின இடியப்பம். பகலைக்குச் சோறும் மீன் ஆணமும், மீனில் நடுத்துண்டு எப்போதும் அவருக்கு. பின்னேரம் சீனி போட்ட எருமைத் தயிர். இரவைக்குப் புட்டு. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் அந்த நாளில் இல்லை. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று எனக்குச் சொல்லுவா, நான் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கையெட்டும் தூரத்தில் பாயில் இருப்பார், எல்லாம் கேட்கும்.

"மகள், இன்னும் ரெண்டு அகப்பை போடட்டா எண்டு கேளு."

"போதுமாம் எண்டு சொல்லு" என்பார் அவர், என்னைப் பார்த்து.

நான் வாயைத் திறக்க முன்னமே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து பீங்கானில் சோற்றைப் போட்டுவிடும். நான் எப்போதுமே மெதுவாகத்தான் வாய் திறப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கு முன்னமே நாலு பேர் முன்னால் கதைப்பது நின்றுவிட்டது. "புள்ளைக்கு வாயில கொழுக்கட்டையோ?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதற்கும் நான் பதில் சொன்னதில்லை.

வாப்பா நெசவு செய்கிறவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் குழித்தறிகள் கிடந்தன. குழியின் விளிம்பில் பலகை போட்டு அதில் இருந்துகொண்டு, கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். நெய்த துணி நம்முடைய மடிக்கு முன்னால் இருக்கும் மரத்தில் சுற்றுப்படும். இவருக்கும் வாப்பா ஒரு தறி கொடுத்து வேலை பழக்கினார். பழகுகிற நாளில் இவருடைய வயிற்றுக்கும் அந்த மரத்துக்கும் இடையில் எங்கட வீட்டுப் பூனை வந்து படுக்கும். பிறகு பூனைக்கு இடமில்லாமல் போனது. அதற்கும் பிறகு இவருக்கே இடமில்லை.

வயிறு துணியில் முட்டியது. கொட்டிலுக்குள் காற்று வராது, வேர்வை ஊற்றும். ஆம்பிளைகள் உடுக்க நெய்த சாறனில் அங்கங்கே வட்ட வட்டமாக ஈரம் காய்ந்த அடையாளம் விழுந்தது. கல்முனையிலிருந்து சாறன் எடுக்க வந்த வியாபாரி ஒன்றை வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து வாப்பாவைக் கேட்டார்.

"என்ன காக்கா இது! நாங்க ஒரு பிறை காணுறதுக்குக் கடக்கரையில போய் நிக்கிறம். உங்கட சாறனில முழு நிலவே மூண்டு இரிக்கு!"

வாப்பா, "கழுவினாப் போகும்" என்று மட்டும் சொன்னார். மற்றத் தறிக்காரர்கள் அப்படி விடவில்லை. அடுத்த நாளிலிருந்து இவர் கொட்டிலுக்குள் தலையை நீட்டினால், "விளக்கை நூருங்கடா, நிலவு வந்திட்டு" என்று பகிடி பண்ணினார்கள்.

கிணற்றடியில் வைத்து இவர் எனக்கு மட்டும் சொன்னார். "நான் மெலியப் போறன்."

எனக்கு அது ஊரை விட்டுப் போகப் போகிறேன் என்றது மாதிரி இருந்தது. மெலிய வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"உங்கட உம்மாக்குச் சொல்லிப் போடாத. மனசு நொந்து போவா. என்ட உம்மாக்கு அறவே தெரியப்படாது."

நான் தலையை ஆட்டினேன்.

என் உம்மா போட்ட சோற்றைத் தள்ளி வைக்க ஏலாது. ஆகவே திங்களும் வியாழனும், கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு பிடிக்கத் தொடங்கினார். உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பிடி ஒரு மருமகன் ஆருக்குக் கிடைக்கும்?" என்று வேலிக்கு வேலி சொன்னா. நோன்பு துறக்கக் கோழி அடித்தா, வட்டிலப்பம் அவித்தா. நோன்பாளிக்குக் கொடுத்தால் நன்மை என்று அயலவர்களும் கிண்ணம் கிண்ணமாக அனுப்பினார்கள். நோன்பு பிடித்துப் பிடித்தே அவர் இன்னும் பெருத்தார்.

மாரி மழை தொடங்கின நேரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பரியாரி வந்து நாடி பார்த்தார். "ரெண்டு நாளைக்கு வயித்தை லேசா வைங்க. கஞ்சித் தண்ணி போதும்" என்று சொன்னார். அந்தக் கொதிக்கிற காய்ச்சலிலும் இவருடைய கண் மின்னினதை நான் கண்டேன்.

பரியாரி சொன்னது இரண்டு நாளைக்கு. இவர் அதை விடவேயில்லை. கஞ்சி கொண்டு போனால், "பரியாரி வேணாம் எண்டவர்." புளியாணம் கொண்டு போனால், "வாய் கசக்குது." காய்ச்சல்காரருக்கென்று வாப்பா கல்முனைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தார். அதைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் ஒரு மூலையை நுள்ளிவிட்டு மற்றதைத் தள்ளினார். கதவுக்குப் பின்னால் உம்மா அழுதா. ஆளில்லாத நேரம் இவர் போர்வையை விலக்கி எனக்கு வயிற்றைக் காட்டினார்.

"பாரு, இறங்கியிரிக்கெலுவா?"

இறங்கித்தான் இருந்தது. ஆனால் முகம் அதை விட இறங்கியிருந்தது. ஒரு நாள் கிணற்றடிக்குப் போனவர் பாதி வழியில் கமுக மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிட, "மரத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார். கமுக மரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

வாப்பா மாட்டுக்கரத்தை பிடித்து எங்களை ஆசுபத்திரி அப்போதிக்கரியிடம் கொண்டு போனார். வாப்பா வெளியில் இருந்தார், நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே நின்றேன். அப்போதிக்கரி இவருடைய கண் இமையை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார்.

"காய்ச்சல் குறையுது. ஆள் ஏன் இப்பிடி ஆடுறார்? சாப்பாடு எப்பிடி?"

இவர் கேட்டார், "ஐயா, கொஞ்சம் மெலிஞ்சா உடம்புக்கு நல்லமெலுவா?"

"சுகமாயிரிக்கிறவனுக்கு நல்லம். காய்ச்சல் எண்டது உடம்பைத் தின்னுற சாமான். நீயும் பட்டினி கிடந்தா அது உன்ட தொந்தியைத் தேடிப் பாத்தா தின்னும்? பெலத்தைத்தான் தின்னும். கஞ்சி, முட்டை, சூப்பு, கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி குடி. மெலியுறதை எழும்பி நடந்த பிறகு பாப்பம்."

திரும்பி வருகிற வழியில் இவர் எனக்குச் சொன்னார், "அவருக்கென்ன, கதிரையில இரிக்கார். தறியில இரிந்து பாக்கச் சொல்லு."

அன்றைக்கும் கஞ்சி அப்படியே திரும்பி வந்தது.

இதற்குள் பாலமுனைக்குச் செய்தி போய்விட்டது. பஸ்ஸில் போன ஆரோ "உங்கட மகன் எலும்பும் தோலுமாக் கிடக்கார்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாள் காலையில் எங்கட வாசலில் கூடாரக் கரத்தை ஒன்று வந்து நின்றது. அவருடைய உம்மா, என் மாமி, இறங்கினா. பெரிய உடம்பு, அதை விடப் பெரிய குரல். பின்னால் கரத்தைக்காரர் பானை பானையாக இறக்கினார்.

உம்மா குசினி யன்னலால் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தா.

"மகள், கரத்தைக்குள்ள வைக்கல் விரிச்சிரிக்குகா. படுக்க வெச்சுக் கொண்டு போக வந்திரிக்கா."

அந்த வைக்கோலில் இவர் படுத்துப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். உம்மா அதற்குப் பிறகு ஒரு கலியாண வீட்டுக்கும் போக மாட்டா. அப்படிப் போன மாப்பிள்ளைமாரில் சில பேர் திரும்பி வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மாமி மகனைக் கண்டதும் தலையில் கையை வைத்தா. "யா அல்லாஹ்! என்ட மகன்ட கன்னம் எங்க? கன்னத்தை எங்க போட்டீங்க?"

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா, "சம்மந்தி, குடுக்கத்தான் செய்யிறம். அவர் தின்னுறாரில்ல" என்றா.

"குடுக்கிற மாதிரிக் குடுத்தா ஏன் தின்ன மாட்டான்? சின்ன வயசில கல்லைக் குடுத்தாலும் கடிச்சுத் தின்ன புள்ள அவன்!"

இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்லிப் போடாத என்கிற பார்வை. மாமி பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்தா. நெய்ச்சோறு. மாட்டிறைச்சி. தயிர். தேன். எள்ளுருண்டை.

"வீட்டில ரெண்டு கிடா கட்டியிரிக்கன். வெள்ளாமை வெட்டுற வரைக்கும் நீ பாயால எழும்பத் தேவையில்ல மனே. உம்மா ஊட்டுவன். எழும்பு, கரத்தை நிக்குது."

நான் குசினிக்குள் போய்க் கோழிக்கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து அவருடைய தலைமாட்டில் குந்தினேன். காதுக்குள் சொல்லத்தான் நினைத்தேன். நடுக்கத்தில் குரல் கூடிவிட்டது. அதே நேரம் மாமி மூச்சு வாங்க நிறுத்தினா.

"இஞ்ச பாருங்க. அந்தக் கரத்தையில ஏறினா, திரும்பி வரக்குள்ள தறிக்குள்ள மட்டுமில்ல, இந்த வாசலுக்குள்ளயும் நீங்க நுழைய மாட்டீங்க. என்ட கையில ஒரு கோப்பைக் கஞ்சிதான் இரிக்கு."

வீடே கேட்டது. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது.

இவர் கஞ்சியைப் பார்த்தார். நெய்ச்சோற்றைப் பார்த்தார். ஊட்ட வந்த தன் உம்மாவின் இரண்டு கையையும், வாசலில் கரத்தையோடு நின்ற மாடுகளையும் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து கோப்பையைப் பறித்து, அடி தெரியும் மட்டும் குடித்தார். கீழே வைக்க முன்னமே கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கை அகப்பையோடு நீண்டு வந்தது. அதையும் குடித்தார்.

"என்ன தறி? என்ன நுழையிறது?" என்றா மாமி.

இனி மறைக்க வழியில்லை. இவரே மெல்ல மெல்லச் சொன்னார், சாறனையும், நிலவையும், நோன்பையும்.

"மெலியவா?" மாமி பானைப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டா. "மனிசர் மெலியவும் பாடுபடுவாங்களா?"

கதவு அசைந்தது. உம்மா முக்காட்டோடு பாதி வெளியில் வந்து, முதல் தடவையாக அவரிடமே கதைத்தா. "மருமகன், முதலே சொன்னா நான் சின்ன அகப்பை எடுத்திரிப்பனே!"

வாசலில் நின்ற வாப்பாவும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அந்தப் பலகையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துப் போட்டா முடிஞ்சுதே" என்றார்.

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் இழுக்கல்ல?" என்று உம்மா கேட்டா.

"ஆரும் கேக்கல்லயே."

மாமி மகனைக் கொண்டு போகவில்லை. தானே எங்களோடு நின்றுவிட்டா. உம்மாவும் அவவும் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். சின்னக் கோப்பையில், அப்போதிக்கரி சொன்ன மாதிரி. நெய்ச்சோற்றையும் இறைச்சியையும் வாசலில் குந்தியிருந்து கரத்தைக்காரர் ஆறுதலாகத் தின்றார், அவருடைய மாடுகள் கூடாரத்துக்குள் விரித்திருந்த வைக்கோலைத் தின்றன. வெறுங்கரத்தை பாலமுனைக்குத் திரும்பிப் போனது.

சுகமான பிறகு உம்மா இரவைக்கு ஒரு அகப்பை குறைத்தா. அதற்கே அவவுக்கு இரண்டு கிழமை மனசு சரியில்லை. வாப்பா பலகையைப் பின்னுக்கு எடுத்தார். அன்று பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டு கொட்டிலுக்குப் போனபோது, அவருடைய வயிற்றுக்கும் மரத்துக்கும் இடையில் எங்கட பூனை வந்து படுத்திருந்தது.