மஞ்சள் தண்ணீரில் குளித்த கன்று

என் வாழ்நாளில் நான் வளர்த்த ஒரே மரம் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. அதுவும் ஒன்பது வயதுப் பையனின் முழங்கால்.

அப்பாவுக்கு வேலை மாற்றலாகி, தென்காசிப் பக்கத்திலிருந்து நாங்கள் மூவரும் சென்னையை ஒட்டிய ஆவடியில், கோவில்பதாகைக்குக் குடிவந்திருந்தோம். தெருவில் என் வயதுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் கிரிக்கெட் ஆடுவார்கள். முதல் நாளே போய், "ஏல, நானும் வரட்டுமால?" என்று கேட்டேன். ஆட்டம் நின்றது. எதிர்வீட்டுப் பையன், "இன்னாடா பேசறான் இவன்? இன்னொரு தபா சொல்லு" என்றான். கேட்டவர்களை ஏமாற்றக் கூடாதென்று நானும் இன்னொரு முறை சொன்னேன். அன்றிலிருந்து அந்தத் தெருவில் என் பெயரே 'ஏல'. ஆட்டத்தில் மட்டும் இடமில்லை.

அம்மா வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். உப்போ புளியோ நூல்கண்டோ, கடைக்கு ஓடுவது நான்தான். வந்த புதிதில் ஒரே ஒருநாள் அவள் போய்ச் சீனி கேட்டாள். கடைக்காரர் அவள் பேசிய விதத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அத்தோடு சரி. ஊரில் பாதித் தெருவிடம் பேசி முடித்த பிறகே காலைக் காப்பியைக் குடித்தவள், இங்கே வந்து சோம்பேறியாகிவிட்டாள் என்று முடிவு கட்டியிருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஏழெட்டுப் பேர். அவளைப் பார்த்துச் சிரித்தவர் ஒருவர்தானே?

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மலையில் காட்டிலாகா வாட்சராக இருந்தார். ஏதோ வேலையாகச் சென்னைக்கு வந்தவர் எனக்கென்று ஒரு குங்கிலிய மரக்கன்று கொண்டுவந்தார். வேரைச் சுற்றித் தேங்காய் அளவுக்குக் கறுப்பு மண். அதற்கு மேல் தேக்கிலைக் கட்டு.

"மருமவனே, இது மட்டும் வளந்துட்டுன்னா, எங்கன நின்னு பாத்தாலும் ஒன் வீடு தெரியும்" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே ரயிலேறிவிட்டார்.

மறுநாள் அம்மா கட்டைப் பிரித்தாள். மண்ணுக்குள் வேரோடு வேராக வெள்ளை வெள்ளையாய் நூல் படர்ந்திருந்தது. "ஐயய்ய, பூசணம்லா புடிச்சிருக்கு" என்றாள். ஊறுகாய் ஜாடிகளை ஆண்டவளுக்குப் பூசணத்தை என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்றைக் குழாயடிக்குக் கொண்டுபோய், வேர் பளிச்சென்று தெரியும்வரை கழுவினாள். கறுப்பு மண் சாக்கடையோடு போயிற்று. பிறகு கன்றை மஞ்சள் கரைத்த தண்ணீரில் சற்று நேரம் நிறுத்திவைத்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் குளித்துத் தயாரானது போல நின்றது அது. வாசலில் குழி தோண்டி, எருவும் புண்ணாக்கும் போட்டு நட்டோம்.

நான் தெருவெல்லாம் தண்டோரா போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் மொத்தமாக வந்து பார்த்தார்கள். என் வீட்டுக்கு ஆள் வந்தது அதுவே முதல் தடவை. அந்த மிதப்பில், "அம்பது ஆள் உசரம் வளரும்" என்றேன்.

எதிர்வீட்டுப் பையன் என்னைக் கன்றுக்குப் பக்கத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்தான். "அம்பது ஆள்லாம் வாணா மாமே. இப்ப உன் முட்டிவரைக்கும் கீது. இடுப்பு வரைக்கும் வரட்டும், உன்னிய டீம்ல சேத்துக்கறோம்."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அளவெடுக்க வந்தார்கள். தண்ணீர் ஊற்றினேன், வெயிலுக்குக் குடை பிடித்தேன், குலசாமிக்கு வேண்டிக்கொண்டேன். கன்று சாகவில்லை. வளரவும் இல்லை. என் காலை அளவுகோலாக ஒப்புக்கொண்டதுதான் நான் செய்த பிழை. நான் வளர்ந்துகொண்டிருந்தேன், எனவே வாரா வாரம் மரம் குறைந்துகொண்டே போயிற்று. "இன்னாடா, உன் மரம் பூமிக்குள்ள போய்கினு கீது?" என்று சிரித்தார்கள். கேலி செய்யத்தான் வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். ஒரு ஞாயிறு யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கேலி செய்யக்கூட ஆளில்லாத இடம் எப்படியிருக்கும் என்பது அப்போது தெரிந்தது.

மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

"கன்றோடு இருந்த மண்ணை என்ன செய்தீர்கள்? அதில் வெள்ளை நூல் இருந்திருக்குமே, அது நோயில்லை. காட்டில் மரம் தன் வேரை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. உதிர்ந்த இலை மக்கிச் சத்தாகும். வேருக்கு எட்டாத இடத்துக்கும் அந்த நூல் போய்ச் சத்தை எடுத்துவந்து கொடுக்கும். மரமும் சும்மா வாங்கிக்கொள்ளாது. இலையில் சமைத்ததில் அதற்கொரு பங்கு கொடுக்கும். கழுவிவிட்டால், எத்தனை எரு போட்டாலும் பட்டினிதான். உடனே சாகாது. வளராமல் சும்மா நிற்கும்."

பிற்பாடு நானும் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். மாமா சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஆவடி வெயிலுக்கு மலைக்காட்டு மரம் அதுவரை தாங்கியதே பெரிய காரியம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எனக்கு மறுவருஷம் 'இன்னா' என்று சொல்ல நாக்குப் பழகிவிட்டது, டீமில் சேர்த்துக்கொண்டார்கள். மரத்துக்கு அந்த வசதியில்லை.

கடிதம் படித்த அன்று அம்மாவின் அரிவாள்மணை நின்றுபோயிருந்தது. "கடேசில என்ன போட்டுருக்கான்? திருப்பிப் படி" என்றாள். படித்தேன். "சும்மா நிக்குமாமா?" என்றாள். எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள். வெகுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மரத்துக்காக வருந்துகிறாள் என்று நினைத்து, பின்னாலேயே போய், "தெரியாமத்தானம்மா கழுவுன, விடு" என்று பெரிய மனது பண்ணி மன்னித்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போயிப் பதில் எழுதுல" என்றாள்.

கடிதத்தின் அடியில் மாமா எனக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: "அக்காள் எப்படி இருக்கிறாள்? அவளைக் கேட்டு எழுதாதே, நீ பார்த்து எழுது."

நான் மரத்தைப் பார்த்து எழுதினேன். எத்தனை இலை, எது பழுப்பு, தண்டு எத்தனை விரற்கடை என்று ஒரு பக்கம் நிரம்பியது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "எம்மா, நீ எப்படி இருக்கன்னு மாமா கேட்டுருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கேன்னு எழுது."

அப்படியே எழுதினேன்.