மெட்ராஸ் வேண்டாமென்ற டைப்பிஸ்ட்

விருத்தாசலத்தை விட்டு எப்போது கிளம்பலாம் என்று நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்த எழுபதுகளில், எங்கள் பீங்கான் கம்பெனியின் டைப்பிஸ்ட் அம்மாள் மட்டும் மெட்ராஸ் மாற்றலை இரண்டாம் முறையும் வேண்டாமென்றார். ஒல்லியான உடம்பு, தடிமனான மூக்குக்கண்ணாடி, தனி ஆள். வெயிலோ மழையோ, குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தினமும் கடைவீதி வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். சம்பளம் கூடும் மாற்றலை ஒருத்தி சும்மாவா மறுப்பாள்? இந்த ஊரில் அவருக்கு யாரோ இருக்கிறார்கள் என்றே நான் நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அவர் கடைவீதிக்குத் திரும்பாமல் மணிமுத்தாற்றுப் பக்கம் நடந்தார். இன்று தெரிந்துவிடும் என்று நானும் சற்றுத் தள்ளிப் பின்னால் போனேன். ஆற்றங்கரையில் யாரும் இல்லை. அவர் சட்டென்று திரும்பினார்.

“ஏம்மா, உன் வூடு இந்தப் பக்கம் இல்லியே?”

“இல்லீங்க... நீங்க வழி மாறிப் போனீங்களேன்னு...”

அவர் சிரித்துவிட்டார். “முன்னாடி மெட்ராஸுல இருந்தேம்மா. காய்ச்சல்ல எழுந்திரிக்க முடியாமக் கெடந்தேன். பக்கத்து ரூமுக்காரங்க கதவைக்கூடத் தட்டல. இங்க ஒரு தெரு மாறி நடந்தாலே பின்னால ஆள் வருது. இந்த ஊரை விட்டு நான் ஏன் போவணும்?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. பேசிக்கொண்டே இருவரும் திரும்பி வந்தோம்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உறைத்தது. அவர் ஆற்றங்கரைக்கு எதற்குப் போனார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.