கதவில் இருந்த எட்டு

அண்ணனின் சிவப்புப் பந்தயக் காரில், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில், வெள்ளை வட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் கறுப்பாக ஓர் எட்டு இருந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் நிற்கவே மாட்டார்கள். எட்டு சனியின் எண். வீட்டு எண்ணிலும் லோரி எண்ணிலும் அது வந்துவிடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற கூட்டம் எங்களுடையது. நானோ பிறந்ததே எட்டாம் தேதி. பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தேதியைக் கேட்பார்கள். கேட்டதும் அவர்களுக்கு வேறெங்கோ அவசர வேலை வந்துவிடும்.

அண்ணன் சிம்பாங் ரெங்கமில் லோரி கம்பெனி வைத்திருந்தார். லோரிகள் சம்பாதித்ததைப் பழைய கார்கள் தின்றன. செனாயில் அவர் போட்டிருந்த கொட்டகையில் இங்கிலாந்துக் கார்களும் இத்தாலியக் கார்களும் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் அவற்றின் அடியில்தான் படுத்துக் கிடப்போம். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் என் காது கேட்கவே “பொண்ணு நல்லாதான் இருக்கு, நம்பர்தான் சரியில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் நேரே கொட்டகைக்குப் போய், தூரிகையை எடுத்து அந்த எட்டை எழுதினார்.

“எட்டுக்குப் பயந்தா மாசா மாசம் கேலண்டர்ல ஒரு நாள வெட்டி எடுக்கணும்லா. இந்தக் காடிய நீதான் ஓட்டப்போற” என்றார்.

ஓட்டினேன். பாசிர் கூடாங் பந்தயத் தடத்தில், தலைக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்க, எத்தனையோ பந்தயங்கள். வீட்டார் மட்டும் ஓட்டியது அண்ணன் என்றே வெளியில் சொல்லிவைத்தார்கள். அவர் ஒருநாளும் அந்தப் பொய்யைச் சொன்னதில்லை. எனக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும்.

சென்ற வருடம் மாரடைப்பில் அண்ணன் போனார். சொந்தக்காரர்கள் அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நம்பர்தான் அவரைப் பலி வாங்கிவிட்டதாம். காரைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் எட்டு என்றால் நான்தானே.

அத்தனை கார்களையும் பராமரிக்க அண்ணியால் முடியாது. ஏலம் விடுவது என்று முடிவானபோது நானும் சம்மதித்தேன். ஏலத்தன்று காலையில் கொட்டகைக்குள் நுழைந்தால், கதவில் இருந்தது ஒன்பது. எட்டின் கீழ்வட்டத்தில் இடப்பக்கத்தை யாரோ வெள்ளை பூசி மறைத்திருந்தார்கள்.

“நான்தான் அடிக்கச் சொன்னேன்” என்றார் அண்ணி. “ஒம்போது நல்ல நம்பர். வாங்கிட்டுப் போறவங்க வீட்லயும் நம்ம மாதிரி ஆகிடக்கூடாதில்ல?”

அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கத்துக்காக என்னை அழித்துக்கொடுக்க முடியாது.

“அண்ணி, அண்ணன் ஹார்ட்ல செத்தாரு. நம்பர்ல சாகல” என்று சொல்லிவிட்டு ஈரத்துணியை எடுத்தேன். அவசரத்தில் சுவருக்கு அடிக்கிற பெயிண்டைப் பூசியிருந்தார்கள். துணி பட்டதுமே கரைந்து வழிந்தது. உள்ளே அண்ணன் எழுதிய எட்டு அப்படியே இருந்தது.

“உனக்கு இன்னும் திமிர் அடங்கலயா?” என்றார் அண்ணி.

“இல்லண்ணி” என்றேன்.

ஏலத்தில் அந்தக் காரை எடுத்தவர் மூவாரிலிருந்து வந்திருந்த ஒரு சீனர். கதவைத் தட்டிக்கொடுத்து, எட்டு அதிர்ஷ்ட எண் என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார். எங்களவர்களுக்குச் சனி, அவருக்கு லட்சுமி. இரண்டுமே எனக்கு வேண்டியிருக்கவில்லை.

“அது அதிர்ஷ்டம் இல்லை, பிறந்த தேதி” என்று மலாயிலேயே சொன்னேன்.

“காலமான உரிமையாளரின் பிறந்த தேதியா? அவர்தானே இதைப் பந்தயங்களில் ஓட்டியவர்?”

சொந்தக்காரர்கள் எல்லோரும் பக்கத்தில்தான் நின்றார்கள். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் தமிழுக்கு மாறி, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

“ஓட்டுனது நான். தேதியும் என்னோடதுதான்.”