தங்கச்சியைத் துரத்திய நரி

நரியை விரட்ட நான் வைத்திருந்த ஆயுதங்கள் மூன்று: ஒரு காலி பிஸ்கட் டின், ஒரு அடிக்கோல், ஒரு ஈரத்துணி. அப்போது எனக்கு எட்டு வயது. போர்க்களம், கிள்ளான் நகரத்தில் மேரு சாலையை ஒட்டி இருந்த எங்கள் வரிசை வீடு. கிள்ளானில் ஏது நரி என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றியிருந்தால் ஒரு குடும்பமே நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் தங்கச்சி பிறந்தாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் வாசல் கேட்டில் தொங்கிக்கொண்டு காத்திருந்தேன். பொம்மை மாதிரி ஒன்று வரப்போகிறது என்று எல்லாரும் ஆசை காட்டி வைத்திருந்தார்கள். வந்து சேர்ந்ததோ ஒரு சின்னத் தொழிற்சாலை. மூக்கில் விசில் அடித்தது. தொண்டையில் எண்ணெய் போடாத கதவு ஒன்று திறந்து திறந்து மூடியது. முகம் சிவக்க முக்கி, முனகி, கால்களை வயிற்றோடு இழுத்து, பீரோவைத் தள்ளுகிறவள் போலப் பாடுபடுவாள். கடைசியில் ஒன்றுமே நடக்காது. யாரும் தொடாதபோதே திடீரென்று இரண்டு கைகளையும் விரித்து, மரத்திலிருந்து விழுகிறவள் போலக் காற்றைப் பிடிப்பாள். எல்லாவற்றையும் விட மோசம் அவள் மூச்சு. நாலைந்து தடவை வேகவேகமாக விடுவாள், பிறகு சட்டென்று நிறுத்திவிடுவாள். நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு பெருமூச்சோடு மறுபடி ஆரம்பிப்பாள்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து, சிவந்த கண்களோடு வந்த அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, இது ரிப்பேர்ப்பா. வேற மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க."

அப்பா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே யோசிப்பதுபோல் நடித்தார். "ரசீதைத் தொலைச்சிட்டேனேம்மா. இதையே வச்சுக்குவோம்."

சரியான விளக்கம் அத்தையிடமிருந்து கிடைத்தது. அப்பாவின் அக்கா அவர். முப்பதாம் நாள் முடி இறக்கும் வரை அம்மாவுக்குப் பத்தியச் சமையல் செய்துபோட கம்போங் மேடானிலிருந்து வந்து தங்கியிருந்தார். பூண்டை உரித்தபடியே என் புகார்களைக் கேட்டு முடித்து, தீர்ப்பு சொன்னார்.

"தூக்கத்துல சிரிச்சா நரி பூ காட்டுது. திடுக்குனு உலுக்கி அழுதா நரி வெரட்டுது. அவ்ளோதான் லா. எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான்."

"எந்த நரி?"

"கனவுல வர்ற நரி."

"அது கடிக்குமா அத்தை?"

"சும்மா சும்மா நரி நரின்னு கேக்காதடி. அம்மா காதுல விழுந்தா பயந்துக்குவா. போ, அந்த வெங்காயத்தை எடுத்துட்டு வா."

இந்த உரையாடலில் மூன்று விஷயங்கள் என் மூளையில் ஆணி அடித்ததுபோல் பதிந்தன. நரி இருக்கிறது. அது என் தங்கச்சியை விரட்டுகிறது. இதை அம்மாவிடம் சொல்லக் கூடாது. வெங்காயம் மட்டும் பதியவில்லை. அதற்கு அன்று தனியாகத் திட்டு வாங்கினேன்.

மறுநாளிலிருந்து காவல் தொடங்கியது. அம்மா குளிக்கப் போனாலோ, அசதியில் கண் அயர்ந்தாலோ, நான் தொட்டிலருகே ஆஜர். ஸ்பிரிங்கில் சாரோங் துணி கட்டிய தொட்டில் அது. அதன் மடிப்பை விலக்கிக் கண் கொட்டாமல் பார்ப்பேன். என் திட்டம் எளிமையானது, அறிவாளிகளின் திட்டம் எல்லாம் அப்படித்தான் இருக்கும். நரி கனவில்தான் வருகிறது. கனவு தூக்கத்தில்தான் வருகிறது. எனவே தங்கச்சி தூங்கவே கூடாது.

அவள் இமை லேசாகத் துடித்தால் போதும், நரி வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஈரத்துணியால் பாதத்தில் ஒரு தடவல். முனகினால், தொட்டில் ஸ்பிரிங்கைப் பிடித்து ஒரு குலுக்கல். கைகளை விரித்தால் நெருக்கடி நிலை: டின்னும் அடிக்கோலும். டங்! தங்கச்சி கண்ணைத் திறந்து வீறிட்டு அழுவாள். 'தப்பித்தாய், தாயே!' என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு, அம்மா வருவதற்குள் ஆயுதங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கணக்கும் வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் பதினொரு முறை நரியைத் தோற்கடித்த நாளில், எனக்கு இரண்டாவது முறையாகச் சோறு கேட்கும் அளவுக்குப் பசித்தது.

வீட்டில் மற்றவர்கள் யாருக்கும் பசிக்கவில்லை. பகலெல்லாம் தூங்காத களைப்பில், தங்கச்சி பால் குடிக்க வாய் வைத்ததும் நாலு உறிஞ்சலில் தூங்கிப்போனாள். அம்மா கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்புவார், பலனில்லை. தெருவில் போகும் கண்டெய்னர் லோரிகளின் சத்தம்தான் காரணம் என்று அத்தை திட்டினார். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். லோரிக்காரர்களைத் திட்டும்போது நானும் சேர்ந்து திட்டினேன். கடமையில் இருப்பவள், வேறென்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துப்போகும் அரசாங்க மிஸ்ஸி அந்தத் திங்கட்கிழமை வந்தார். மலாய்க்காரத் தாதி, கிள்ளானிலேயே வெகுநாள் வேலை பார்த்ததால் கொஞ்சம் தமிழும் பேசுவார். துணியில் தங்கச்சியைப் போட்டு, கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்தார். முள்ளைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. எடை ஏற வேண்டிய நாளில் ஏறவில்லை. வியாழக்கிழமை மறுபடி நிறுப்பதாகவும், அப்போதும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அம்மா தங்கச்சியின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. நரி ஓட ஓட விரட்டுவதால்தான் இவள் இளைத்துப்போகிறாள். காவலை இரண்டு மடங்காக்கினேன்.

புதன்கிழமை காலையில் பிடிபட்டேன். பக்கத்துத் தெருவில் வேறொரு வீட்டுக்கு வந்த மிஸ்ஸி, மனசு கேட்காமல் எங்கள் வீட்டிலும் எட்டிப் பார்த்தார். அம்மா குளியலறையில், அத்தை அடுப்படியில். கதவு திறந்திருந்தது. அவர் கண்ட காட்சி: தொட்டிலுக்கு மேலே ஒரு கையில் டின்னோடும் ஒரு கையில் அடிக்கோலோடும் ஒரு அக்கா.

"அடிக், என்ன பண்றே?" சின்னப் பிள்ளைகளை அவர் மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்.

நரிக்கு மலாயில் என்ன என்று எனக்குத் தெரியாது. அவசரத்துக்கு, எங்கள் கூரையில் ஓடும் மரநாயின் பெயரைச் சொல்லிவிட்டேன். "முசாங், மிஸ்ஸி! முசாங் இவள வெரட்டுது!"

மிஸ்ஸி பையைப் போட்டுவிட்டு, தங்கச்சியின் மேல் இரண்டு கையாலும் குடை பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். சத்தம் கேட்டு அத்தை கரண்டியோடும், அம்மா ஈரத்தலையோடும் ஓடிவந்தார்கள். சிறிது நேரம் நான்கு பெண்கள் கூரையில் இல்லாத ஒரு விலங்கைத் தேடினோம். பிறகு என் பயிற்சிப் புத்தகம் வெளியே வந்தது. அத்தை அதை வாசிக்க வாசிக்க, அவர் கையிலிருந்த கரண்டி மெல்ல என் பக்கம் திரும்பியது.

"அடிப்பாவி! நான் சொன்ன நரியாடி இது?"

மிஸ்ஸி கரண்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். புதிதாகப் பிறந்த குழந்தைக்கு ஆழமான தூக்கம் கொஞ்சம்தான், மீதி நேரம் தூங்கிக்கொண்டே ஆடும், உறுமும், சிரிக்கும், சில சமயம் ஒரு அழுகைகூட அழுது பார்க்கும் என்றார். மூச்சு சில நொடி நின்று மறுபடி வேகமாக வருவதும் இந்த வயதில் வழக்கம்தான். உதடு நீலமானாலோ, நெஞ்சு குழிந்து மூச்சு வாங்கினாலோ, விடாமல் அழுதாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மற்றபடி கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

"கை பின்னாடி வை. தொடாதே. முப்பது வரைக்கும் எண்ணு," என்றார் என்னிடம்.

தங்கச்சி அதற்குள் மறுபடி தூங்கியிருந்தாள். நாலு பேரும் சாரோங்கைச் சுற்றிக் குனிந்தோம். ஒன்று, இரண்டு. இமை துடித்தது. ஏழு. உறுமினாள். என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்தன. பன்னிரண்டில் முகம் சிவந்து பீரோவைத் தள்ள ஆரம்பித்தாள். பதினாறில் கைகள் இரண்டும் விரிந்தன. 'ங்ஆ' என்று ஒரு அழுகை. எனக்குப் பின்னால் டின் கூப்பிட்டது! அம்மாவும் கை நீட்டிவிட்டார். மிஸ்ஸி எங்கள் இருவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது. இன்னொரு 'ங்ஆ', கொஞ்சம் சின்னது. இருபத்து மூன்று. ஒரு முனகல். இருபத்தாறில் கைகள் தாமாகவே மடங்கி மார்பில் வந்து படுத்தன. முப்பதை உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். தங்கச்சி வாயின் ஒரு ஓரத்தில் மட்டும் சிரித்தாள்.

"பூ காட்டுது," என்றார் அத்தை, கரண்டியை இறக்கி.

அன்று அவள் மதியம் வரை தூங்கினாள். எழுந்தவள் குடித்த குடியில் அவள் தொண்டை எழுப்பிய சத்தம் கூடத்துக்குக் கேட்டது. வியாழக்கிழமை அப்பா ஷிப்ட் முடிந்து படுக்காமல் காத்திருந்தார். தராசின் முள் ஆடி ஆடி, பழைய இடத்தைத் தாண்டி நின்றது. எடை ஏறியிருந்தது! அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். எடையை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததே நான்தான் என்பதை அந்தச் சந்தோஷத்தில் யாரும் நினைவுபடுத்தவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

மத்தியானம் பாயில் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அம்மா, நான் பொறந்தப்போ எனக்கும் நரி வந்துச்சா?"

"வந்துச்சே. இவள விட ஜாஸ்தி. விடியுற வரைக்கும் வெரட்டும்."

"அத்தை இருந்தாங்களா?"

"அப்ப அத்தை வரல. வாடகை ரூம்தான்."

"அப்பா?"

"ஷிப்டு."

"அப்போ எனக்குக் காவலுக்கு யாருமே இல்லையா?"

அம்மா பாதித் தூக்கத்தில் சிரித்தார். "யாரும் இல்லடி. பேசாம தூங்கு."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறந்து பத்தே நாளில், டின் இல்லாமல், அடிக்கோல் இல்லாமல், துணைக்கு ஒரு ஆள் இல்லாமல், தன்னந்தனியாக நரியை வென்றிருக்கிறேன்! பள்ளி திறந்ததும் வகுப்பில் இதை மூன்று விதமாகச் சொன்னேன்; மூன்றிலும் நான்தான் வீராங்கனை. விடியும் வரை என்னை நரி விரட்டியதைத் தூங்காமல் பார்த்துக்கொண்டு, அந்த வாடகை அறையில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.