எங்கள் சனிக்கிழமை வகுப்பின் மலர்க்கொடி

மலர்க்கொடி போய்விட்டாள். நேற்று விடியற்காலை... ஹார்ட் அட்டாக்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குன்னம் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கு, பயப்படாமல் பேசவும் நாலு பேர் முன்னால் நிற்கவும் நாங்கள் இருவரும் வகுப்பு எடுத்தோம். மகளிர் குழுக் கட்டடத்தில், சனிக்கிழமைதோறும்.

முதல் நாள் பிள்ளைகள் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டே பெயரைச் சொன்னார்கள். மலர் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி, டீக்கடை வாசலில் போய் நின்றுகொண்டாள். "எனக்குக் கேக்கல! இன்னும் சத்தமா சொல்லு!"

கடைசியில் டீக்கடைக்காரர்தான் கும்பிட்டார். "எங்க எல்லாருக்கும் புள்ளைங்க பேரு மனப்பாடமே ஆயிடுச்சு, விடும்மா தாயி!"

வாரம் ஒரு பிள்ளை லீடர். அன்றைக்கு லீடர் சொன்னால் நாங்களும் கேட்க வேண்டும்... மலர் போட்ட ரூல்.

முதல் லீடர் ரம்யா, ஒன்பதாம் வகுப்பு. எழுந்தவள், "அக்கா, நீங்களே பேசிட்டு இருக்கீங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மலர் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

போவதற்கு முந்தின நாள் சாயங்காலமே மலருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லையாம். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள்.

அடிப்பாவி... "வலிச்சா வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்கடி" என்று அந்தப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தியவள் நீதானே! எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? கோபம் கோபமாக வருகிறது மலர்.

இன்று அவள் ஊரான குரும்பலூரில் எடுத்தார்கள். பிள்ளைகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தெருமுனையில் வழக்கம்போல் பெண்களை நிறுத்தினார்கள்.

ரம்யா நேராக மலரின் அண்ணனிடம் போனாள். "நாங்க கடைசி வரைக்கும் வரோங்கண்ணே."

பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "பொம்பளப் புள்ளைங்க அங்கல்லாம் வரக்கூடாது, வூட்டுக்குப் போங்க" என்றார்.

அவள் நகரவில்லை. அழுதுகொண்டே, "எங்க அக்கா அவங்க. நாங்க வரோங்கய்யா" என்றாள்.

அண்ணன் பெரியவரின் தோளைத் தொட்டு விலக்கினார். பிறகு, "வாங்கம்மா" என்றார்.

எல்லாரும் போனோம். மண் போட்டோம். திரும்பும்போது பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள்.

"பார்த்தியாடி நம்ம ரம்யாவ..." என்று சொல்ல வாயெடுத்துப் பக்கத்தில் திரும்பினேன்.

யாரும் இல்லை.

போயிட்டு வாடி மலரு.